தவிட்டுக்கு விற்ற பிள்ளை

எனக்கு முதல் இரண்டு பிள்ளைகளும் தங்கவில்லை. ஒன்று பிறந்த வாரத்திலேயே போய்விட்டது. அடுத்தது தவழ்ந்து, என் சேலையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கப் பார்க்கிற சமயத்தில் போனது. மூன்றாவது வயிற்றில் இருக்கும்போதே மாமியார் ஊரிலிருந்து சொல்லி அனுப்பிவிட்டார்கள், இது பிறந்ததும் தவிட்டுக்கு விற்றுவிட வேண்டும் என்று.

எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கத்தில், எங்கள் குடும்பத்தில், அது வழக்கம்தான். பிள்ளை தங்காத வீட்டில் அடுத்த பிள்ளையை முறத்தில் கிடத்தி, நிறையப் பிள்ளை பெற்று வளர்க்கிற வேறு ஒருத்தியிடம் கொஞ்சம் தவிட்டுக்கு விற்றுவிடுவோம். எமன் வந்து பார்த்தால் இது இந்த வீட்டுப் பிள்ளை இல்லையே என்று திரும்பிப் போய்விடுவான். குலதெய்வத்துக்கு முடி எடுக்கிற வரைக்கும் அது வாங்கினவள் பிள்ளை. பால் கொடுப்பதும் குளிப்பாட்டுவதும் பெற்றவள்தான், ஆனால் ‘என் பிள்ளை’ என்று வாய்விட்டுச் சொல்லக் கூடாது. பிள்ளை வாங்கினவளை அம்மா என்று கூப்பிடும், பெற்றவளைச் சித்தி என்று கூப்பிடும். முடி எடுக்கப் போகும்போது தவிட்டைத் திருப்பிக் கொடுத்து, வாங்கினவள் கையாலேயே பிள்ளையை வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் மனசாரக் கொடுக்காவிட்டால் பிள்ளைக்கு ஆகாது.

ஊரில் இருந்தால் இதற்கெல்லாம் ஆள் இருக்கும். நாங்கள் அப்போது உடும்பஞ்சோலைக்குப் பக்கத்தில் ஏலக்காட்டில் இருந்தோம். எழுபதுகளின் தொடக்கம் அது. வீட்டுக்காரருக்குப் பாகத்தில் வந்தது மேட்டு நிலம், மழை ஏமாற்றினால் ஒன்றும் இல்லை. எங்களுக்குத் தூரத்துச் சொந்தம் ஒருவர் மலையில் ஏலத்தோட்டம் வாங்கியிருந்தார். காய் உலர்த்துகிற ஸ்டோரைப் பார்த்துக்கொள்ள இவரைக் கூட்டிப் போனார். ஸ்டோரை ஒட்டி எங்களுக்கு ஓர் அறை. அதற்குப் பின்னால் வேலை செய்கிறவர்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயம். லயத்தில் முதல் வீட்டில் இருந்தவரைத்தான் நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

அக்கா போடிப் பக்கத்துக்காரர். ஐந்து பிள்ளைகள், ஐந்தும் நன்றாக இருந்தன. காடு அதிரப் பேசுவார். நான் யாரைப் பார்த்தாலும் தரையைப் பார்க்கிறவள். “ஏ தங்கச்சி, தரையில என்ன காசா கெடக்கு, இப்பிடித் தேடுற?” என்று கேட்டுத்தான் என்னோடு பழக ஆரம்பித்தார். அவர்கள் வேதக்காரர்கள். வீட்டுக்குள் சுவரில் ஏசு படம் ஒன்று, அடுப்புப் புகையில் கறுத்துப்போய் இருக்கும். அதற்கு முன்னால் ஏசுவின் படத்தைக் கடைவீதிக் காலண்டரில்தான் பார்த்திருக்கிறேன், தோளில் ஆட்டுக்குட்டியோடு. ஆடு மேய்க்கிறவர்களுடைய சாமி போலிருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அக்கா அந்தப் படத்தோடு பேசுவதைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வரும். “ஏப்பா, விறகு ஈரமா இருக்கே, கண்ணுல படலயா?” என்பார். ஒருநாள், எப்படி அக்கா இந்தச் சாமியைப் பிடித்தீர்கள் என்று எப்படியோ கேட்டுவிட்டேன். காய் பறித்துக்கொண்டே சொன்னார்.

“எங்காத்தா வாந்திபேதியில செத்துச்சு. ஒட்டிக்கிரும்னு பயந்து எங்க சனம் ஒருத்தரும் எட்டிப் பாக்கல. எனக்குப் பத்து வயசு இருக்கும், வாசல்ல ஒக்காந்து ஈ ஓட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் கோயில்காரவுக நாலு பேரு வந்து தூக்குனாக. மூக்கக்கூடப் பொத்தல. அவுக சாமி நம்ம சாமின்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன். வேதமெல்லாம் அப்புறமாத்தான் படிச்சேன்.”

எனக்குப் பெண் பிறந்தது. அக்காவைத்தான் கேட்டோம். வேறு யாரும் இல்லை. விழுந்து விழுந்து சிரித்தார்.

“இருக்கிறதுக்கே கஞ்சி பத்தல, இதுல வெலைக்கு வேற வாங்கணுமா?”

சும்மா ஒரு சாத்திரத்துக்குத்தான் என்று வீட்டுக்காரர் சொன்னார். தவிட்டுக்கு எங்கே போவது? மலையில் நெல் ஏது? மாடு வைத்திருந்த டீக்கடைக்காரரிடம் இவரே போய்த் தவிடு வாங்கி வந்து அக்கா கையில் கொடுத்தார். “ஒங்க தவிட்ட ஒங்களுக்கே குடுத்து ஒங்க பிள்ளைய வாங்குறேன். இதவிட நல்ல யாவாரம் எங்கிட்டு இருக்கு!” என்று சொல்லிக்கொண்டே அக்கா வாசலுக்கு வந்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். முறத்திலிருந்து பிள்ளையை எடுக்கிற சத்தம் கேட்டது. அதற்குமேல் அக்காவின் சிரிப்புக் கேட்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அக்கா பிள்ளையை மார்போடு வைத்துக்கொண்டு கண்ணை மூடி நின்றிருந்தார்.

பிறகு சொன்னார், “தங்கச்சி, நானும் வாங்கப்பட்டவதான். ஏசப்பா ரத்தத்தக் குடுத்து வாங்குனாரு. வாங்குன பொருள எப்பிடி வச்சிக்கணும்னு எனக்குத் தெரியும்.”

எனக்கு அது அன்றைக்கு விளங்கவில்லை. எமனை ஏமாற்ற நாங்கள் செய்த விளையாட்டை அக்கா விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை என்பது போகப் போகத்தான் தெரிந்தது. தன் கடைசிப் பெண்ணுக்கு ஒரு சட்டை எடுத்தால் என் பெண்ணுக்கும் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை தகரம் போட்ட கோயிலுக்கு இரண்டையும் தூக்கிப் போவார். போய்விட்டு வந்து, “ஒன் பிள்ள ஜெபத்துல தூங்கிருச்சு” என்று சொல்ல மாட்டார், “என் சின்னது தூங்கிருச்சு” என்பார். என் பெண்ணைவிட அக்காவின் கடைசிப் பெண் ஒரு வயது மூத்தது. இரண்டும் ஒரே கம்பளியில் தூங்கும், ஒரே தட்டில் தின்னும். என் பெண் அக்காவை அம்மா என்றது, என்னைச் சித்தி என்றது. சொல்லிக் கொடுத்ததே நான்தான். முதல் தடவை அது அப்படிக் கூப்பிட்டபோது எழுந்து ஏலச்செடிகளுக்குள் போய் நின்றுகொண்டேன். ஆனால் பிள்ளை வளர்ந்தது. முந்தின இரண்டும் போன வயதைத் தாண்டியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போகிறதே என்று நான் கேட்டபோது இவர், “மழைக்கு ஒதுங்கற கூரை எந்தச் சாமி ஊடா இருந்தா என்ன?” என்றார்.

மூன்றாவது வருஷத்து மழையில் காய்ச்சல் வந்தது. ஆடி மாசம். மலையில் மழை பிடித்தால் விடாது. அந்தத் தடவை மேலே உருள் பொட்டியது, மண்ணும் பாறையும் சரிந்து வந்து ஜீப் போகிற பாதையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. லயத்தில் பாதிப் பேருக்குக் காய்ச்சல். எங்கள் இரண்டு பெண்களுக்கும் ஒரே நாளில் கண்டது.

ஸ்டோரில் காய் உலர்த்த விறகு எரிந்துகொண்டே இருக்கும், அந்தச் சுவர் எப்போதும் கதகதப்பாக இருக்கும். குளிருக்கு அங்கேதான் இரண்டையும் கிடத்தினோம், ஒன்றை ஒட்டி ஒன்றாக. கஷாயம் வைத்தோம், ஈரத்துணி போட்டோம். தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்த மாத்திரையை இவர் நடந்து போய் வாங்கி வந்தார். நான் எங்கள் அம்மனுக்கு ஒரு மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. மூன்றாம் நாள் மத்தியானம், மழையில் எதிர்த் தோட்டம்கூடத் தெரியவில்லை, அக்கா முட்டி போட்டார்.

ஜெபத்தை நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். ஒரு சொல்கூட மறக்கவில்லை.

“அப்பா, இந்தா பாரும். இது நான் வாங்குன பிள்ளை. என்னைய நம்பிக் குடுத்தது. மொதல்ல இதத் தொடும். இவுகளுக்கு ஏற்கெனவே ரெண்டு போயிருச்சு. இதுக்குப் பெறகு அந்தா கெடக்கே, என் கழுத, அதையும் பாரும்.”

வீட்டுக்கு வந்த பிள்ளைக்கு முதலில் பரிமாறிவிட்டுத் தன் பிள்ளைக்குப் போடுவது போலத்தான் சொன்னார். அதில் வேறொன்றும் இல்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்கும் அப்போது ஒன்றும் தோன்றவில்லை. மனசு குளிர்ந்ததுதான்.

விடிகிற நேரத்தில் என் பெண்ணுக்கு வேர்த்தது. தலைமயிரெல்லாம் நனைந்து, கண்ணைத் திறந்து, கஞ்சி வேண்டும் என்றது. அக்கா கையை உயர்த்தி, “ஸ்தோத்திரம் அப்பா” என்றார். கஞ்சி காய்ச்ச நான் எழுந்தேன். அடுப்பு மூட்டுவதற்குள் அக்காவின் பெண்ணுக்கு வலிப்பு வந்தது.

அக்கா வீட்டுக்காரரும் எங்கள் வீட்டுக்காரரும் இன்னும் இரண்டு பேரும் கம்பளியைக் கம்பில் கட்டித் தூளியாக்கிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனார்கள். சரிந்த மண்ணைத் தாண்டிவிட்டால் அந்தப் பக்கம் ஏதாவது வண்டி கிடைக்கும் என்றார்கள். அக்கா பின்னாலேயே ஓடினார். மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார்கள். தூளி அப்படியே இருந்தது. போகும்போது கம்பை நான்கு பேரும் மாறி மாறி வேகமாகத் தூக்கிப் போனார்கள். வரும்போது இரண்டு பேர் மெதுவாகத் தூக்கி வந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

என் பெண் கஞ்சி குடித்துவிட்டு அந்தச் சுவரோரத்தில் உட்கார்ந்து, பக்கத்தில் காலியாகக் கிடந்த இடத்தைக் காட்டி, “அக்கா எங்க?” என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

தகரக் கோயிலுக்குப் பின்னால் புதைத்தார்கள். குழியில் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, தகர டின்னால் அள்ளி அள்ளி ஊற்றினார்கள். ஜெபம் சொல்ல வந்தவர், கர்த்தர் கொடுத்தார் கர்த்தர் எடுத்தார் என்றார். அக்கா அழவில்லை. வாயே திறக்கவில்லை. காடு அதிரப் பேசுகிற மனுஷி.

பல நாள் கழித்து விறகு கொண்டு போய்க் கொடுத்தேன். அடுப்பு முன்னால் உட்கார்ந்திருந்தார். சுவரில் படம் அப்படியேதான் இருந்தது, எடுக்கவில்லை. நான் விறகை வைத்துவிட்டுப் போகத் திரும்பினேன்.

“தங்கச்சி, நில்லு. நீதான் பக்கத்துல இருந்த. நான் எதச் சொன்னேன் மொதல்ல?”

வைத்த விறகையே மறுபடி அடுக்கினேன்.

“ஒன் பிள்ளையத்தான சொன்னேன். மரியாதைக்குச் சொன்னேன்டி. ரேஷன் கடையில கூட்டம் நிக்கிறப்ப, நீங்க போங்கம்மான்னு முன்னாடி விடுறதில்லையா? நமக்கு வர்றதுக்குள்ள அரிசி தீந்துபோச்சும்பான். அந்த மாதிரி ஆயிருச்சு.” சிரிக்கிற மாதிரி வாயை இழுத்தார், சிரிப்பு வரவில்லை. “அவருகிட்டயுமா தீந்துபோகும்? எனக்கு அது தெரியாமப் போச்சே.”

“அக்கா, அப்படியெல்லாம் இருக்காதுக்கா” என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

“இருக்காது. இருக்காதுன்னு எனக்குந் தெரியும். ஆனா அந்த நெனப்பு போக மாட்டேங்குது. ஆத்தாளத் தூக்க நாலு பேர அனுப்புன சாமி, இந்தப் பிள்ளைக்கு ஒரு ஜீப்ப அனுப்பல.”

அதற்குப் பிறகு என் பெண் பாதி நாள் அக்கா வீட்டில்தான் தூங்கியது. அது அம்மா என்று கூப்பிட்டுக்கொண்டு ஓடும், அக்கா எதுவும் சொல்லாமல் கம்பளியைத் தூக்கி இடம் விடுவார். எங்கள் அறையில் இருந்து அதைப் பார்த்துக்கொண்டு இருப்பேன்.

மழை விட்டதும் மாமியார் வந்துவிட்டார்கள். பொள்ளாச்சி, பழனி, தேனி என்று பஸ் மாறி மாறி, ஒரு பையில் நல்ல நெல்லுத் தவிடும் புதுச் சேலையும் எடுத்துக்கொண்டு. கோயில் நோம்பி வருகிறது, முடி எடுத்துவிட வேண்டும், பிள்ளையை மீட்க வேண்டும் என்றார்கள். அக்கா வீட்டில் நடந்ததைச் சொன்னோம். மாமியார் மனசு இல்லாதவர்கள் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். பிறகு பிள்ளை ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறது என்று தெரிந்ததும் கோபம் வந்துவிட்டது.

“அந்தச் சாமியப் பத்தி எனக்குச் சொல்லாதீங்கொ” என்றார்கள் மகனிடம். “என்ற தங்கச்சி அதுலதான் கட்டிக்கிட்டுப் போனா. எங்கம்மா செத்ததுக்கு வந்தா, பொணத்துக்குத் தண்ணி சுத்த மாட்டேன்னு ஓரமா நின்னா. பெத்த தாயிக்குங்! அந்தச் சாமி ஊட்டுக்குள்ள வந்தா ஊட்டுல ஒருத்தரு கொறையும். இந்தப் புள்ளயுமா?”

மறுநாள் காலையில் தவிட்டை முறத்தில் கொட்டிச் சேலையை மேலே வைத்து அக்கா வாசலுக்குப் போனோம். அக்கா வெளியே வரவில்லை. என் பெண் உள்ளேதான் இருந்தது. இவர், “அக்கா” என்று இரண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அக்காவின் மூத்த பிள்ளைகள் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தன.

“குடுக்க மாட்டாங்களாட்ட இருக்குது” என்று மாமியார் என் காதில் சொன்னார்கள். மனசாரக் கொடுக்காத பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு போனால் ஆகாது, விட்டுவிட்டும் போக முடியாது. “நீ போ அம்மிணி. நீதான் கேக்கோணும்.”

நான் உள்ளே போனேன். பிள்ளை அக்கா மடியில் உட்கார்ந்து பொரி தின்றுகொண்டிருந்தது. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என்ன கேட்பது? போன மழையில் ஒன்றைக் கொண்டுபோய்ப் புதைத்துவிட்டு வந்தவரிடம் இன்னொன்றைக் கொடு என்று எந்த வாயால் கேட்பது? கேட்காவிட்டால் எனக்கும் பிள்ளை இல்லை.

அக்காதான் பேசினார். “எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு. நெசமாவே வித்தீகளா, சும்மாவா?”

அன்றைக்குச் சும்மாதான் செய்தோம். அது எனக்கும் தெரியும், இவருக்கும் தெரியும், வாசலில் நிற்கிற மாமியாருக்கும் தெரியும். ஆனால் மூன்று வருஷம் அந்தப் பிள்ளையை அவர் என்ன மாதிரி வைத்திருந்தார் என்று நான் ஒருத்திதான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். முழங்கால் போட்டு எதை முதலில் சொன்னார் என்று நான்தான் கேட்டேன். தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தேன்.

“நெசந்தாக்கா. உங்க பிள்ளைதான்.”

அக்கா பிள்ளையின் வாயில் ஒட்டியிருந்த பொரியைத் துடைத்துவிட்டார்.

“அப்பச் சரி. சும்மான்னா, ஒங்க பொருள ஒங்களுக்குத் திருப்பித் தர்றதோட போச்சு. நெசம்னா, நான் குடுத்ததாகும்.”

எழுந்து வாசலுக்கு வந்தார். முறத்தில் கையை விட்டுத் தவிட்டை அளைந்து பார்த்து மாமியாரிடம், “புழு வச்ச தவிட்ட எந்தலையில கட்டிறாதீக ஆத்தா. என் பிள்ள ஒசத்தி” என்றார். மாமியாருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “நல்ல தவிடுதானுங்க, புது நெல்லுதுங்க” என்றார்கள். அக்கா தவிட்டை மடியில் வாங்கிக்கொண்டார். பிள்ளையைத் தூக்கி என் கையில் கொடுத்தார். பிள்ளை, “அம்மா, அம்மா” என்று அவர் சேலையைப் பிடித்து இழுத்து அழுதது. அவரே அந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

ஜீப்புக்குப் போகும்போது கொஞ்ச தூரம் கூட வந்தார். எனக்கு எப்படித் தைரியம் வந்ததோ, “கோயிலுக்குப் போறீங்களாக்கா?” என்று கேட்டேன்.

“போவேன். வேற எங்க போக? போயி ஒக்காந்திருப்பேன். ஆனா இனிமே ஒண்ணும் கேக்க மாட்டேன் தங்கச்சி. கோவமில்ல. கேட்டா ஒண்ண மொதல்ல சொல்லணும், ஒண்ண அப்புறம் சொல்லணும். அந்த வேல எனக்கு வேணாம்.”

முடி எடுத்த பிறகு மாமியார் எங்களை மலைக்கு அனுப்பவில்லை. இவரும் ஒரு வருஷத்தில் திரும்பிவிட்டார். அக்கா போடிக்கே போய்விட்டதாக ஏலக்காய் வியாபாரி ஒருவர் சொன்னார். பார்க்கப் போக வேண்டும் என்று நினைப்பேன். தனியாக பஸ் ஏறிப் பழக்கமில்லை. இவரிடம் சொல்லவும் வாய் வராது. அப்படியே போய்விட்டது. பெண் வளர்ந்து, கட்டிக் கொடுத்து, பேரன் பேத்தி ஆயிற்று. குலதெய்வம்தான் காப்பாற்றியது என்று மாமியார் கடைசி வரைக்கும் சொன்னார்கள். நான் மறுத்துச் சொன்னதில்லை.

போன வருஷம் இங்கே இரண்டு பெண்கள் வந்தார்கள், வீடு வீடாகப் போய் ஏசுவைப் பற்றிச் சொல்கிறவர்கள். வெயிலில் வந்தார்களே என்று மோர் கொடுத்தேன். ஒருத்தி, சின்ன வயது, கேட்டாள்:

“ஏனுங்கம்மா, இயேசு உங்க வாழ்க்கையில ஏதாச்சும் செஞ்சிருக்காருங்களா?”

யாரும் என்னிடம் இதுவரை அப்படிக் கேட்டதில்லை. “செஞ்சிருக்காருங்க” என்று சொல்லிவிட்டேன்.

இரண்டு பேருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. பையைக் கீழே வைத்துவிட்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். “சொல்லுங்கம்மா, சொல்லுங்க. அதுதாங்க சாட்சி” என்றாள் பெரியவள்.

காய்ச்சலில் கிடந்த பெண்ணுக்கு வேர்த்ததையும் அது கஞ்சி கேட்டதையும் சொன்னால் போதும், அவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். அதோடு நிறுத்திவிடலாம். ஆனால் அந்த அக்கா இங்கே உட்கார்ந்திருந்தால் அதை அதோடு நிறுத்திச் சொல்வேனா என்று யோசித்தேன்.

“எனக்குப் பேச வராதுங்க” என்றேன். இன்னும் கொஞ்சம் மோர் ஊற்றினேன். அவர்கள் குடித்துவிட்டுப் போனார்கள்.